பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்வது: பிரசவத்துக்குப் பிறகான சிக்கல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துப் பிரசவ வார்டுகளிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் பிள்ளை பெற்றவர்கள், துணைக்கு இருக்கும் அம்மாக்கள், மாமியார்கள், கணவர்கள், வேலைக்குப் புதிதாக வந்த செவிலியர்கள். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். 17-ஆம் கேள்வி முதல் வருபவை பெரும்பாலும் செவிலியர்கள் கேட்டவை. ஊசி மருந்துகளின் அளவு அங்கேதான் வருகிறது; அவை வீட்டில் செய்வதற்கு அல்ல.

1. புள்ள நல்லபடியா பொறந்துருச்சு. அப்புறம் என்னங்க பயம்?

நிறைமாதத்தில் கர்ப்பப்பை வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்று விழுந்ததும் அது ஒட்டியிருந்த இடம் திறந்த புண்ணாகிவிடும். அந்த ரத்தக் குழாய்களை முதன்மையாக அடைப்பது கர்ப்பப்பைத் தசை இறுகுவதுதான். தசை தளர்ந்தால் நல்ல ஆரோக்கியமான பெண்ணும் அரை மணி நேரத்தில் அதிர்ச்சி நிலைக்கு (ரத்த ஓட்டம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை) போய்விடலாம். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை செவிலியர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது இதனால்தான். தூக்கம் கெடுகிறதே என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு காலம் உண்டு. உதிரப்போக்கு முதல் 24 மணி நேரத்தில் அதிகம். ரத்த அழுத்தமும் வலிப்பும் முதல் வாரத்தில். கிருமித் தொற்று பெரும்பாலும் 2-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள். காலில் ரத்தம் உறைவது 6 வாரம் வரை. மனநிலைச் சிக்கல் ஓராண்டு வரைகூட வரும். சுகப்பிரசவம் என்றாலும் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருங்கள். மேலே மலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் டாக்டரைக் கேட்டு இன்னும் ஒரு நாள் கூட இருந்தால் நல்லது.

2. தீட்டு எத்தனை நாளைக்குப் போகும்? எவ்வளவு போனா அதிகம்?

முதல் 3, 4 நாள் சிவப்பு. பிறகு 10-ஆம் நாள் வரை பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. அதன்பின் மஞ்சள் வெள்ளையாகி 4 முதல் 6 வாரத்தில் நிற்கும். படுத்து எழுந்ததும் குபுக்கென்று கொஞ்சம் வருவது, பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்துச் சற்று அதிகம் போவது, இரண்டும் இயல்பு.

பெரிய பேடு ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்து, மாற்றியதும் அடுத்த மணி நேரத்தில் இன்னொன்றும் நனைந்தால் அது அதிகம். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய ரத்தக்கட்டி விழுந்தாலும், பழுப்பாக மாறியது மறுபடி சிவப்பாகிப் பெருகினாலும், கெட்ட நாற்றம் அடித்தாலும் காட்ட வேண்டும். தலை சுற்றல், கண் இருட்டல், உடம்பு சில்லிட்டு வேர்ப்பது சேர்ந்தால் இரண்டாவது பேடுக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். பேடு மாற்றிய நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நனைந்த பேடுகளை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள். "ரொம்ப போச்சு" என்பதைவிட "ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் மூன்று பேடு" என்ற பேச்சு டாக்டரை உடனே எழுப்பும்.

3. வயித்தைத் தொட்டுப் பாருன்னு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தாங்க. எதைத் தொட்டுப் பார்க்கணும்?

தொப்புள் அருகே உருண்டையாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கர்ப்பப்பை. சிறிய தேங்காய் போல உறுதியாக இருந்தால் சரி. பிசைந்த மாவு போலத் தளர்ந்திருந்தால் சரியில்லை. உள்ளங்கையைக் குழித்து வைத்து, வட்டமாக, இறுகும் வரை தேய்த்துவிட வேண்டும். இறுகிய பிறகும் போட்டு அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது.

பிரசவத்தன்று தொப்புள் உயரத்தில் இருப்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு விரல்கடை இறங்கி, 10 முதல் 14 நாளில் கைக்குத் தட்டுப்படாமல் போகும். இறங்காமல் நிற்பதும், ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறுவதும் அறிகுறிகள். பின்னதற்குப் பெரும்பாலும் காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

4. ஒண்ணுக்கே வரல. எரியும்னு பயந்து அடக்கி வச்சிருக்கேன், பரவால்லையா?

கூடாது. நிரம்பிய மூத்திரப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி, இறுக விடாமல் தடுக்கும். ரத்தம் கூடும். பிரசவம் ஆகி, அல்லது டியூப் எடுத்து, 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். எழுந்து உட்கார்ந்து முயலுங்கள், குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க விடுங்கள், தையல் மீது வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே போங்கள், எரிச்சல் குறையும். அப்படியும் வரவில்லை என்றால் டியூப் வைத்து எடுத்துவிடுவார்கள். சொட்டுச் சொட்டாகப் போகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். பை நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும்.

5. பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு வத்தாதுன்னு மாமியார் சொம்பை எடுத்து வச்சுட்டாங்க.

மாமியாரின் அக்கறை உண்மைதான், ஆனால் தண்ணீரைக் குறைப்பது தீங்கு. பால் கொடுக்கிறவர் ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் குடிக்க வேண்டும். குறைத்தால் மலம் இறுகித் தையல் வலிக்கும், சிறுநீர்த் தொற்று வரும், ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். வெந்நீராகவே குடிக்கட்டும், சீரக வெந்நீராக இருக்கட்டும். அளவு குறையக் கூடாது.

பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை, ராகிக் களி எல்லாம் நல்லவை. சாதமும் ரசமும் மட்டும் 40 நாள் என்பதுதான் உடம்பைக் கெடுக்கும். சேலத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் கிடைக்கிறது என்று அதையே மூன்று வேளையும் ஊற்றுகிறார்கள். அதில் மாவுச்சத்து மட்டுமே உண்டு. ரத்தம் இழந்தவருக்கு வேண்டிய இரும்போ புரதமோ அதில் இல்லை. முட்டை, பருப்பு, கீரை கூடவே போகட்டும். பிரசவ லேகியம் கொடுப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதற்காக மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

6. மூணாம் நாள் காய்ச்சல் அடிக்குது. பால் இறங்குற காய்ச்சல்தானே?

மார்பு நிறையும்போது உடம்பு லேசாகச் சுடலாம், ஒரு நாளைக்குள் தணிந்துவிடும். ஆனால் கையை வைத்துப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ மேலோ காட்டினால், பால் காய்ச்சல் என்று நீங்களே பெயர் வைக்காமல் அன்றே காட்டுங்கள். குளிர் நடுக்கம், அடிவயிற்றுத் தொட்ட வலி, நாற்றமுள்ள தீட்டு, இதயம் படபடப்பது, பேச்சு தடுமாறுவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது கர்ப்பப்பைத் தொற்று ரத்தத்தில் பரவும் நிலையாக இருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு ஒரு நாள் பார்ப்போம் என்பது இங்கே உயிர் போகும் தவறு. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், தொற்றை அல்ல.

பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நனைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்றுங்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் வெயிலில் காய வைக்க வேண்டும். ஏற்காட்டு மழை மாதங்களில் மூடுபனியில் துணி இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அந்த ஈரத்தோடு வைப்பது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பது. அந்த மாதங்களில் கடைப் பேடு, இல்லையென்றால் துணியைச் சூடான இஸ்திரி போட்டு உலர்த்தி வையுங்கள்.

7. மார்ல பால் கட்டிக்கிச்சு, கல்லு மாதிரி இருக்கு. மல்லிப்பூ வச்சுக் கட்டலாமா?

வேண்டாம். மல்லிகையை மார்பில் கட்டுவது பாலை வற்றச் செய்வதற்கு நம் ஊரில் உள்ள வழக்கம். கட்டிய பாலை வெளியே எடுப்பதுதான் உங்களுக்கு வேண்டியது, பாலை வற்ற வைப்பது அல்ல. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுங்கள், வலிக்கும் பக்கத்தையும் சேர்த்து. காம்பு பக்கம் இறுகிப் பிள்ளைக்குக் கவ்வ வரவில்லை என்றால் கொஞ்சம் கையால் பீய்ச்சி மெத்தென்று ஆக்கிவிட்டு வாயில் வையுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த ஈரத்துணியை 10 நிமிடம் போட்டால் வீக்கம் குறையும். அழுத்திப் பிசைந்து தேய்ப்பது உள்ளே திசுவைக் கிழித்து வீக்கத்தைக் கூட்டும்.

ஒரு இடம் மட்டும் சிவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது மார்புத் தொற்று. டாக்டர் ஆன்டிபயாடிக் தருவார். அப்போதும் பால் கொடுக்கலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நிறுத்தினால்தான் சீழ்க்கட்டி வரும். 2 நாள் மாத்திரைக்குப் பிறகும் கட்டி அமுங்கினால் தண்ணீர் ததும்புவது போல் இருந்தால் ஸ்கேன் பார்த்துச் சீழை எடுக்க வேண்டியிருக்கும்.

8. கீழே தையல் போட்டுருக்காங்க. மஞ்சள் வைக்கலாமா, வெந்நீர் ஊத்தலாமா?

மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை கழிப்பறை போனதும் சுத்தமான தண்ணீரில் கழுவி, மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். முதல் நாள் குளிர்ந்த ஒத்தடம், அடுத்த நாளிலிருந்து அகன்ற டப்பில் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு 2, 3 முறை உட்காரலாம். தையல் தானாகக் கரையும்.

சிசேரியன் காயத்தில் ஈரம் தங்கவிடாதீர்கள். வயிற்றின் மீது உயரத்திலிருந்து வெந்நீர் அடித்து ஊற்றுவதும், துணியால் இறுக்கிக் கட்டுவதும் ஆறாத காயத்தைப் பிளக்கும். தளர்வான பெல்ட் எழுந்து நடக்கும்போது உதவும். இருமும்போது தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடியுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவுவது, கெட்டியான நீர் வடிவது, ஒரு முனை வாய் திறப்பது இவற்றில் எது இருந்தாலும் மறுபரிசோதனைத் தேதி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

9. தலை பிளக்குற மாதிரி வலிக்குது. தூக்கம் இல்லாததாலயா?

தூக்கமின்மையாலும் வரும். ஆனால் இரண்டு வகைத் தலைவலியை முதலில் ஒதுக்க வேண்டும். முதுகில் மரப்பு ஊசி போட்டவருக்கு, உட்கார்ந்தாலோ நின்றாலோ பிடரியும் தலையும் தாங்க முடியாமல் வலித்து, படுத்ததும் குறைந்தால் அது ஊசி போட்ட இடத்தில் நீர் கசிவதால் வருவது. முதல் 5 நாளுக்குள் தொடங்கும். தண்ணீர், படுக்கை, வலி மாத்திரையில் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் மயக்க டாக்டர் பார்ப்பார். அந்த ஊசியால் ஆயுள் முழுக்க இடுப்புவலி வரும் என்பது உண்மையல்ல.

மற்றது ரத்த அழுத்தம். படுத்தாலும் குறையாத வலி, கண்ணில் பூச்சி பறப்பது போல் மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, வாந்தி. இது கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் வரும். பிரசவத்துக்குப் பிறகு 3-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாள் வரைதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாட்களில்தான் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். 140/90 என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் அது அவசரம், 108-ஐ அழையுங்கள். கிராம சுகாதார செவிலியர் 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் வரும்போது பிள்ளையை மட்டும் எடை போட்டுவிட்டுப் போக விடாதீர்கள். "அக்கா, எனக்குப் பிரஷர் பாருங்க" என்று கையை நீட்டுங்கள்.

10. எங்க ஊர்ல ஜன்னி கண்டுருச்சும்பாங்க. அது என்னங்க? இரும்புச் சாவி கொடுக்கலாமா?

ஜன்னி என்ற ஒரே சொல்லுக்குள் நம் ஊரில் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு ஒன்று. 6-ஆம் கேள்வியில் சொன்ன தொற்று முற்றிப் பிதற்றுவது ஒன்று. 14-ஆம் கேள்வியில் வரும் தீவிர மனக்கலக்கம் ஒன்று. மூன்றும் மருத்துவமனையில் மட்டுமே தீரும்.

கை கால் வெட்டி இழுக்கும்போது சாவி வேண்டாம், வாயில் கரண்டியும் துணியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். பிடித்து அழுத்தாமல், கட்டிலிலிருந்து விழாமல் மட்டும் பாருங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஒருவர் 108-க்குப் பேசட்டும். வலிப்பு நின்று அவர் தூங்கினாலும் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வலிப்பு வழியிலேயே வரலாம்.

11. கால் வீங்கியிருக்கு. 40 நாள் கட்டிலை விட்டு இறங்காதேன்னு சொல்றாங்களே?

இரண்டு காலும் சமமாக வீங்குவது முதல் வாரத்தில் சாதாரணம். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை தடித்து, சூடாகி, நடக்க வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வரும். பிரசவமான பெண்ணின் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். அசையாமல் படுத்தால் அது இன்னும் கூடும். சுகப்பிரசவம் என்றால் 6 மணி நேரத்திலும், சிசேரியன் என்றால் 24 மணி நேரத்துக்குள்ளும் எழுந்து நடக்க வேண்டும். ஓய்வு வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சரி, வீட்டு வேலையிலிருந்து கொடுங்கள், நடையிலிருந்து அல்ல.

12. படுத்தா மூச்சு வாங்குது. ஏற்காட்டுக் குளிருக்குச் சளி பிடிச்சிருக்கும்னு விட்டுட்டோம்.

விடாதீர்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து, பிறகு 5 மாதம் வரை, சிலருக்கு இதயத் தசை பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்க்கும். நிமிர்ந்து படுத்தால் இருமல், இரண்டு மூன்று தலையணை வேண்டியிருப்பது, நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்வது, கால் வீக்கம். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் எல்லோருக்கும் சளி இருப்பதால் இது கண்ணில் படாமல் போகிறது. சளி படுத்தாலும் உட்கார்ந்தாலும் இருக்கும். இது படுத்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தால் தெரிந்துவிடும்.

13. ரத்தம் கம்மின்னு மாத்திரை கொடுத்தாங்க. குமட்டுது, மலம் கறுப்பா போகுது, நிறுத்திட்டேன்.

கறுப்பு மலம் இரும்புச்சத்தின் நிறம்தான். மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். குமட்டினால் இரவு சாப்பிட்டுப் படுக்கும் முன் போடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் உடம்பு நன்றாக இழுக்கும். காபியும் டீயும் அதைத் தடுக்கும். காபித் தோட்டத்து ஊரில் காபியை விடச் சொல்லவில்லை, மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடாதீர்கள், 2 மணி நேரம் தள்ளுங்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் மாத்திரை போதாது, ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

14. சும்மா சும்மா அழுறா. புள்ளையைத் தூக்கவே பயப்படுறா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிக்கலாமா?

3-ஆம் நாளிலிருந்து வரும் அழுகை, படபடப்பு பலருக்கும் உண்டு. தூங்க விட்டு, இரவில் ஒரு முறை பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொண்டால், 2 வாரத்தில் தெளியும். 2 வாரம் தாண்டியும் எதிலும் ஒட்டாமல், பிள்ளை தூங்கினாலும் தான் தூங்க முடியாமல், "நான் இருந்து என்ன" என்று பேசினால் அது மனச்சோர்வு. மருந்து உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவையும் உண்டு. பெண் பிள்ளை பிறந்ததைச் சொல்லிக் காட்டும் வீட்டில் இது ஆறாது. அந்தப் பேச்சை நிறுத்துவதும் வைத்தியம்தான்.

மூன்றாவது வகை அவசரம். முதல் 2 வாரத்தில், பல இரவு தூக்கமே இல்லாமல், தனக்குத்தானே பேசி, காதில் குரல் கேட்பதாகவும் பிள்ளை தன்னுடையதல்ல என்றும் சொன்னால், அன்றே மருத்துவமனைக்கு. அவரையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் முதலில் டாக்டர். மனநல உதவிக்கு 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

15. அடி இறங்குற மாதிரி இருக்கு, தும்முனா ஒண்ணுக்கு வந்துருது. எஸ்டேட் வேலைக்கு எப்போ போகலாம்?

இடுப்படித் தசை தளர்ந்திருக்கிறது. சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது இறுகும் தசையை, சிறுநீர் போகாத நேரத்தில், 5 முதல் 10 விநாடி இறுக்கி விடுங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, மூன்று வேளை. 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கீழே உருண்டையாக ஏதோ வெளியே தட்டுப்பட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். காபிச் சாக்கு, விறகு, தண்ணீர்க் குடம் தூக்குவது 6 வாரத்துக்கு வேண்டாம். மகப்பேறு விடுப்புச் சலுகை தோட்டங்களுக்கும் பொருந்தும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்தவருக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

16. நாங்க மலையில உள்ள ஊரு. வண்டி வர நேரமாகும். அதுக்குள்ள என்ன செய்யறது?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளே இருக்கும் கிராமமென்றால் தார்ச் சாலைக்கு வரவே தனி நேரம். ஆகவே 2-ஆம் கேள்வியில் சொன்ன அளவு வரும் வரை மலை மேல் காத்திருக்க வேண்டாம். முதல் பேடு ஒரு மணிக்குள் நனைந்ததுமே 108-ஐ அழையுங்கள். பிரசவம் ஆகும் முன்பே சிக்னல் கிடைக்கும் இடத்தையும், இரவில் வரச் சம்மதிக்கும் ஜீப்பின் எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வண்டி வரும் வரை படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், சிறுநீர் போகச் செய்யுங்கள், கர்ப்பப்பை தளரும்போதெல்லாம் 3-ஆம் கேள்வியில் உள்ளபடி இறுகும் வரை தேய்த்துவிடுங்கள், பிள்ளையைப் பால் குடிக்க விடுங்கள். காம்பைச் சப்புவது கர்ப்பப்பையை இறுக்கும். கம்பளி போர்த்துங்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள். கூடவே தாய் சேய் நல அட்டை, ரத்த வகைச் சீட்டு, ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர். அழைக்கும்போதே "ரத்தப்போக்கு" என்று சொன்னால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போவதா, வழியில் நிறுத்தி ஊசி போடுவதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு எளிது.

17. சிஸ்டர், பி.பி. நார்மலாதான் இருக்கு. அப்ப லாஸ் கம்மின்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். இளம் பெண்ணின் உடம்பு ஒரு லிட்டருக்கு மேல் இழந்த பிறகும் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு ஒரேயடியாக விழும். முதலில் ஏறுவது நாடி. நாடித் துடிப்பை மேல் அழுத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 90-ஐ 120-ஆல் வகுத்தால் 0.75, நிம்மதி. 108-ஐ 110-ஆல் வகுத்தால் 0.98. இரண்டிலும் பி.பி. நார்மல்தான். 0.9-ஐத் தாண்டினால் டாக்டரை அழைக்க வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்லும் ரத்த அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். நனைந்த பேடையும் துணியையும் தராசில் வைத்து, உலர்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் என்பது 1 மில்லி. சுகப்பிரசவத்தில் 500 மில்லி தாண்டினால் அது உதிரப்போக்கு. ரத்தசோகை உள்ளவருக்கு அதற்கு முன்பே ஆபத்து.

18. கர்ப்பப்பை நல்லா இறுகியிருக்கு, ஆனா ரத்தம் நிக்கல. இன்னொருத்தருக்கு ரத்தமே இல்ல, ஆனா வலியில துடிக்கிறாங்க.

முதலாமவருக்குக் கிழிசலைத் தேடுங்கள்: கர்ப்பப்பை வாய், யோனிச் சுவர், தையலின் மேல் முனை. நல்ல வெளிச்சம் இல்லாமல் தேட முடியாது. நஞ்சு முழுதாக வந்ததா என்று மடல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தீர்களா? சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 7 நிமிடத்தில் உறையவில்லை என்றால் உறைதலே கெட்டிருக்கிறது.

இரண்டாமவருக்குச் சுவருக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். ஆசனவாய்ப் பக்கம் தாங்க முடியாத அழுத்தம், மலம் வருவது போன்ற உணர்வு, ஏறும் நாடி. பேடில் ஒரு துளியும் இருக்காது. வலி ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டால் அதிர்ச்சி நிலை தெரியும்போது காலம் கடந்திருக்கும். தையல் வலி இப்படி இருக்காது. வலி மிகையாக இருக்கும்போதெல்லாம் கால்களை விலக்கிப் பாருங்கள்.

19. எந்த மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது? அவசரத்துல குழம்பிருது.

பிள்ளை பிறந்ததும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில். ரத்தம் போனால் 20 யூனிட்டை 1 லிட்டர் சலைனில் கலந்து நிமிடத்துக்கு 60 சொட்டு. நரம்பில் ஒரேயடியாகத் தள்ளக் கூடாது, அழுத்தம் சரியும். மெத்தில் எர்கோமெட்ரின் 0.2 மில்லிகிராம் தசையில். பிரஷரோ இதய நோயோ உள்ளவருக்குக் கூடாது. கார்போபுரோஸ்ட் 250 மைக்ரோகிராம் தசையில். ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடாது. மிசோபுரோஸ்டால் 800 மைக்ரோகிராம் நாக்கின் கீழ். அதன்பின் வரும் நடுக்கமும் காய்ச்சலும் மருந்தின் விளைவு, ஆனால் 24 மணி நேரம் தாண்டினால் 6-ஆம் கேள்விக்குப் போங்கள். டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பில், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள். 30 நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் இன்னொரு முறை.

ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மலை நிலையங்களில் மின்சாரம் போய்வரும் நாட்களில் குளிர்பெட்டியின் வெப்பநிலை ஏட்டைப் பாருங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும்போது மருந்து சூடேறி வீணானதா என்பதும் ஒரு கேள்வி.

20. வலிப்பு வந்தவங்களுக்கு மெக்னீசியம் போட்டு அனுப்பச் சொல்றாங்க. பயமா இருக்கு.

போடாமல் அனுப்புவதுதான் அதிக ஆபத்து. 50 சதவீத மெக்னீசியம் சல்பேட் 2 மில்லி ஆம்பியூல் ஒன்றில் 1 கிராம். ஒரு பக்கப் பிட்டத்தில் 5 ஆம்பியூல், மறுபக்கம் 5, ஆழமாகத் தசையில், மொத்தம் 10 கிராம். நேரத்தையும் அளவையும் பரிந்துரைச் சீட்டில் பெரிதாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் கீழே உள்ள மருத்துவமனையில் இன்னொரு முழு அளவு விழும்.

அடுத்த அளவுக்கு முன் மூன்று சோதனை: முழங்கால் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இருக்கிறதா. ஒன்று இல்லையென்றாலும் நிறுத்துங்கள். மூச்சு குறைந்தால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி மெதுவாக நரம்பில். அந்த ஆம்பியூல் தட்டிலேயே இருக்கட்டும், அலமாரியில் அல்ல.

21. ஆன்டி-ஷாக் உடையோட வந்துட்டாங்க. ரத்தம் நின்னுருச்சு, கழட்டிரலாமா?

கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டைகளால் இறுக்கிக் கட்டும் உடை அது. அவசரமாகக் கழற்றினால் காலுக்கு ரத்தம் பாய்ந்து மறுபடி அதிர்ச்சி வரும். ரத்தம் கட்டுப்பட்டு, நாடியும் அழுத்தமும் நிலைத்த பிறகு, கணுக்கால் பட்டையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் 15 நிமிடம் இடைவெளி. நாடி 20 கூடினாலோ மேல் அழுத்தம் 20 குறைந்தாலோ திரும்பக் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்ப்பதுதான் பலர் செய்யும் தவறு.

22. போன பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சு. பால் சுரக்கவே இல்ல, ஒரு வருஷமாச்சு, மாதவிலக்கும் வரல.

அதிக ரத்த இழப்பில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தமின்றிச் சிதையக்கூடும். பால் வராதது முதல் தடயம். பிறகு மாதவிலக்கு நிற்பது, ஓயாத சோர்வு, குளிர் தாங்காமை, முடி உதிர்வது. வீட்டில் சோம்பேறித்தனம் என்று பெயர் வாங்குவார்கள். ஹார்மோன் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும், மாத்திரைகளால் சமாளிக்கலாம். காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் இவர்களுக்கு உயிராபத்து உண்டு, ஆகவே பழைய ரத்தப்போக்கை எந்த டாக்டரிடமும் சொல்ல மறக்கக் கூடாது.

23. மூணு வாரம் ஆச்சு, தீட்டு நின்னு போச்சு. இப்ப திடீர்னு சிவப்பா கொட்டுது. மாதவிலக்கா இருக்குமோ?

பால் மட்டுமே கொடுக்கிறவருக்கு மூன்றாவது வாரத்தில் மாதவிலக்கு வருவது அரிது. நஞ்சின் துண்டு உள்ளே தங்கியிருப்பதோ, தொற்றோ காரணமாக இருக்கலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு 12 வாரம் வரை இப்படி வரலாம். ஸ்கேன் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு சுத்தம் செய்வார்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதால் பலர் இதற்குள் ஊர் மாறியிருப்பார்கள். புதிய ஊர்ச் செவிலியருக்குப் பழைய விவரம் தெரியாது. பிக்மி எண்ணையும் (கர்ப்பப் பதிவு எண்) டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் நஞ்சு முழுதாக வந்ததா என்று எழுதியிருக்கும் வரியைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.